லிபெரோவின் அப்பா

செப்டம்பர் 15, 2024, ஞாயிறு

கோவையில் மகளுக்குக் கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால். கடையில் இரண்டு போர் மோட்டார் காயில் கட்டாமல் கிடக்கின்றன. கிடக்கட்டும் என்று பூட்டிவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன்.

அவளுக்கு மட்டும் வேறு கலரில் பனியன். பள்ளியில் ஆடும்போது முன்னால் நின்று அடித்தவள், இங்கே பின்கோர்ட்டை விட்டு அசையவே இல்லை. ஒரு சர்வீஸ்கூடப் போடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முன்னால போ கண்ணு, அடி!" என்று மூன்று நான்கு தடவை கத்தினேன். இரண்டாவது செட்டில் கேலரிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் வைத்து நான் மூக்கைத் துடைத்துவிட்டால் பார்ப்பாளே, அதே பார்வை.

ஜெயித்துவிட்டார்கள். இருந்தும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பொறுக்க முடியாமல் பி.டி. சாருக்கு ஃபோன் போட்டேன். "ஏன் சார் பொண்ணைப் பின்னாலயே நிறுத்தியிருக்கீங்க?"

மனிதர் கோபப்படவில்லை. "ஐயா, அவ லிபெரோங்க, பின்னால நின்னு பாலை எடுத்துக் கொடுக்கிற ஆளு. சர்வீஸ் போடக் கூடாது, பிளாக் பண்ணக் கூடாது, நெட்டுக்கு மேல இருக்கிற பாலை அடிக்கவும் கூடாது. அது ரூல்ஸ்" என்றார். அப்புறம், "அவ இல்லைன்னா எதிர் டீம் சர்வீஸை எடுக்க எங்களுக்கு ஆளே இல்லைங்க" என்றும் சொன்னார்.

நான் கிளப்பில் ஆடியது 1993ல். அப்போது பதினைந்து பாயிண்ட், சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட். லிபெரோ என்று ஓர் இடமே கிடையாது, அது 1998ல்தான் வந்தது. என் மகள் ஐந்தடி இரண்டு அங்குலம். பெண்களுக்கு நெட் 2.24 மீட்டர். அவளுக்கு ஏற்ற இடத்தைத்தான் அந்த மனிதர் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பாடம் எடுக்கப் போய் நான்தான் பாடம் கேட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. "என்னைக் கேக்காம இனிமே சாருக்கு ஃபோன் பண்ணாதீங்கப்பா. டீம்ல என்ன நினைப்பாங்க?" அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரி என் பக்கம். போன வருடம் பாகுவில் பிரக்ஞானந்தா செஸ் உலகக் கோப்பை ஆடியபோது அவர் அம்மா நாகலட்சுமி பக்கத்தில் நின்ற படத்தைச் சொன்னாள். "பெத்தவங்க கூட நின்னாத்தானுங்க புள்ளைங்க வரும்." வாஸ்தவம். ஆனால் அந்த அம்மா வெளிநாட்டுக்கு ஸ்டவ் கொண்டுபோய் ரசம் சாதம் ஆக்கிப் போட்டார். எந்தக் காயை நகர்த்துவது என்று சொல்லவில்லையே.

செப்டம்பர் 28, சனி

மகள் வந்திருக்கிறாள். காலையில் திண்ணைப் படியில் இறங்குவதைப் பார்த்தேன். மூன்று படிதான். ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு. என் அம்மா எழுபது வயதில் இறங்கியதுபோல.

"ஒண்ணுமில்லப்பா, ஸ்ப்ரே அடிச்சா சரியாயிடும்." எத்தனை நாளாக? பதினைந்து நாளாக. முட்டியை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று வீங்கியிருந்தது. அக்டோபர் பாதியில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. வலி என்று சொன்னால் இடம் போய்விடும் என்று சாரிடம் வாயே திறக்கவில்லை.

ராத்திரி அவர் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரை எங்கே நிறுத்துவது என்பது அவர் வேலை, அதில் நான் மூக்கை நுழைத்தது தப்பு. முட்டி வீங்கியிருப்பது அப்படியா? ஆனால் ஏப்ரலில் ஓட்டுப் போட்ட பெண், பத்தொன்பது வயது. கேட்காமல் பேசாதே என்று சொல்லியிருக்கிறாள். ஃபோனை வைத்துவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப்போக மட்டும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ஜவ்வு கிழியவில்லை. மூன்று வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, டைவ் அறவே கூடாது. லிபெரோவுக்கு டைவ் கூடாதென்றால் மோட்டார் காயில் கட்டுகிற எனக்கு வார்னிஷ் டப்பாவைத் தொடாதே என்பதுபோல.

"சார்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றாள். சரி என்றேன்.

அக்டோபர் 5, சனி

இன்னும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று பிராக்டிஸுக்குப் போகாமல் இருக்கிறாளாம். இதற்குள் மச்சானின் ஃபோன் வேறு. "மாமா, பல்லைக் கடிச்சுட்டு நிக்கச் சொல்லுங்க. இன்டர் யுனிவர்சிட்டி ஆடிட்டா ஃபார்ம் 3 சர்டிபிகேட் கிடைக்கும், சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைக்கு அது கணக்குல வரும்." அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை முட்டியில் ஒட்டிக்கொண்டா நடக்க முடியும்? கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். மச்சான் வருத்தப்பட்டிருப்பார்.

தினம் காலையில் அவளுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புகிறேன்: "வீக்கம் எப்படி?" வேறெதுவும் எழுதாமல் இருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்பேனர், காயில் சுற்றும் மெஷின், மீட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். நான் கேட்காமலே மகள் அவளுடைய ஷூவையும் முட்டிக்குப் போடும் நீ கேப்பையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தாள். ஒரு நீ கேப்பில் துணி தேய்ந்து உள்ளே ஸ்பாஞ்ச் தெரிந்தது. அதற்கும் சந்தனம் வைத்தேன்.

பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு தென்னை மரத்துப் பக்கம் போனாள். "சார், ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன்..." அதற்கு மேல் காதில் விழவில்லை. நானும் பூசணிக்காய் உடைக்க எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பொரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தியை லிபெரோவா போடறாங்க. அவளுக்கு நான்தான் சொல்லித் தரணுமாம்."

"நல்லா ஆடுவாளா?"

"ஆடுவா. ஆனா அவங்கப்பா உங்களை விடச் சத்தமா கத்துவாருப்பா."