முக்கால் ரூபாய்

கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயில் ஏறிய இளம்பெண், கம்பியைப் பிடித்து நின்றபடியே கைப்பேசியில் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ படித்துக்கொண்டிருந்தார்.

பங்சார் வருவதற்குள் முடித்துவிட்டு, மீண்டும் முதல் வரிக்குப் போனார்.

1934இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த சிறுகதை அது. அடிபட்டுக் கிடக்கும் குதிரை வண்டிக்காரனுக்குப் பால்கஞ்சி வார்க்க அவன் மனைவி அம்மாளு, ஓர் ஆடவனோடு சந்தின் இருளில் மறைந்து முக்கால் ரூபாய் சம்பாதித்தாள் என்று சொல்லும் ஆசிரியர், அந்தச் சந்தில் நடந்ததை ஏறத்தாழச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

நாவலாக இருந்திருந்தால் அம்மாளுவின் பிறந்த வீடு, அந்த ஆடவனின் மனச்சாட்சி என்றெல்லாம் விரிந்திருக்கும். நம் இரக்கம் கூடியிருக்கலாம், அதிர்ச்சி நிச்சயம் குறைந்திருக்கும்.

இதனால் நாவல் தாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் கதையில், மாதக்கணக்கில் நீண்ட பசியையும் காலராவையும் வாசகரும் மெல்லக் கடந்தாக வேண்டியிருப்பதால், அதற்குப் பக்கங்கள் தேவை.

ஆனால் நம்மூர்ச் சிறுகதையாளர்களைக் கண்டாலே, “எப்போது நாவல் எழுதப் போகிறீர்கள்?” என்று கேட்கிறோமே, சிறுகதை ஏதோ ஒத்திகை என்பதுபோல, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.