ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொல்வதற்கு முன்னால் நாலைந்து குழாய் இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ வியாதியே இல்லதானே?" என்றார். தைராய்டு, பி12 குறைவு, சிஃபிலிஸ் மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனையும். இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை கிடையாது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பேசிப் பார்த்து, அறிகுறிகளைக் கேட்டு, எத்தனை மாதமாக என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

தேடாமல் இல்லை. 1957-இல் ஆகர்ஃபெல்ட் என்பவர், நோயாளிகளின் சீரத்தில் (இரத்தத்தில் அணுக்களை நீக்கிய தெளிந்த நீர்) ஒரு ரசாயனத்தைக் கலந்தால் நிறம் சட்டென்று மாறுகிறது என்றார். பார்த்தால், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் வைட்டமின் சி போதவில்லை, அதுவும் ஒரு காரணம்! சிறுநீரில் கிடைத்த இன்னொரு தடயம் கடைசியில் அவர்கள் குடித்த காபி என்று தெரிந்தது. 1959-இல் சீமோர் கெட்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையெல்லாம் சேர்த்து எச்சரித்து எழுதினார். ஆனாலும் 51 புரதங்களை அளக்கும் வெரிசைக் என்ற பரிசோதனை 2010-இல் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்து, சில வருஷத்தில் காணாமல் போனது.

இப்போது ஐஎல்-6, சிஆர்பி என்று அழற்சியைக் காட்டும் பொருட்களைப் பிடித்திருக்கிறார்கள். சராசரியாகப் பார்த்தால் நோயாளிகளுக்கு அதிகம்தான், ஆனால் சிகரெட் பிடித்தாலும் எடை கூடினாலும் மனச்சோர்வு வந்தாலும் அதுவும் ஏறும், எடையைக் கூட்டுவதே பல நேரம் நாம் கொடுக்கும் மாத்திரைதான். அதனால்தான் மாத்திரையே தொடங்காத, முதல்முறை பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் கேள்வியிலேயே கோளாறு. நல்லா இருக்கிறவரையும் நோயாளியையும் பிரிப்பது பெரிய விஷயமா? இது ஸ்கிசோஃப்ரினியாவா, அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலாரா என்று டாக்டர் திணறும்போது கைகொடுக்க வேண்டும், அங்கேதான் இந்தக் குறிகள் காலை வாருகின்றன.

ஒரே நோயா என்பதே சந்தேகம். 2022-இல் வந்த பெரிய மரபணு ஆய்வில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள் சிக்கின, பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். உருப்படியாக ஒன்று நடந்தது என்றால், 2007-இல் மூளை நரம்பணுக்களில் இருக்கும் என்எம்டிஏ ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்ததுதான். மனநோய் போலவே தொடங்கும் அந்த மூளை அழற்சிக்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, பலர் எழுந்து நடமாடுகிறார்கள். அண்ணனுக்கு அதையும் பார்த்தார்கள், இல்லை.

இப்போது அவனுக்கு க்ளோசபின் மாத்திரை. அதனால் வெள்ளணு குறைகிறதா என்று பார்க்க மாதாமாதம் இரத்தம் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி இன்னும் மாறவில்லை.