அச்சை நம்பாதே, நிறத்தைப் பார்

பழைய கண்ணாடி விலங்கு பொம்மைகள் சேர்க்கிறேன் என்றால் எல்லோரும் உடனே "முரானோவா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லைங்க. முரானோ கண்ணாடிக்குப் பேர்போன இத்தாலியத் தீவு; அது வரைக்கும் போக எனக்கு வசதியும் இல்லை, ஓஹையோவில் குடியிருப்பவளுக்கு அதற்கு அவசியமும் இல்லை.

நிலத்தடி எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கக் கண்ணாடி உலைகள்தான். அதில் எனக்குப் பித்து பிடித்தது கேம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரின் பாய்ட் பொம்மைகள் மேல். 1978-ல் எலிசபெத் டிஜென்ஹார்ட் இறந்த பிறகு, அவருடைய கண்ணாடிப் பட்டறையை பாய்ட் குடும்பம் ஏற்று 2014 வரை நடத்தியது. ஜோயி என்று ஒரு குதிரை, ஜாக் என்று ஒரு யானை, பூச் என்று ஒரு நாய். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சில வாரங்களுக்கு ஒரு முறை உலையில் நிறத்தை மாற்றிவிடுவார்கள். அதே குதிரைதான், நிறம் மட்டும் புதுசு. இப்படி நூற்றுக்கணக்கான நிறங்கள். சேர்க்கிறவர்களை அடிமையாக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பழம்பொருள் கடையில் பொம்மையைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். சாய்சதுரத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பாய்ட். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் சதுரத்தின் ஓரத்தில் ஒரு கோடு சேர்த்துக்கொண்டே போனார்கள். கோடே இல்லையென்றால் ஆரம்ப கால உருப்படி. என் ஜாக் அப்படித்தான், கோபால்ட் நீலம்.

அடிப்பக்கத்தில் மெல்லிய மடிப்பு போல ஒரு கீற்று தெரிந்தால் விரிசல் என்று பயந்து வைத்துவிடாதீர்கள். உருகிய கண்ணாடியைக் கம்பியில் எடுத்து, இரும்பு அச்சில் விடும்போது கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட இடம் சட்டென்று ஆறிவிடுவதால் அந்தத் தடம் நின்றுவிடும். விரிசல் என்றால் வெளிச்சத்தில் சாய்க்கும்போது பளிச்சென்று மின்னும், தடம் மின்னாது. இதை விரிசல் என்று நினைத்துக் கடைக்காரரே விலையைக் குறைத்து எழுதியிருப்பதும் உண்டு. அப்போது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

உருவத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. உலை மூடினாலும் அச்சு சாகாது. ஓஹையோவின் நியூவர்க்கில் இருந்த ஹைஸி என்ற கண்ணாடிக் கம்பெனி 1957-ல் மூடியதும் அதன் அச்சுகளை இம்பீரியல் என்ற இன்னொரு கம்பெனி வாங்கி, அதே குதிரைக்குட்டிகளை வார்த்தது. இம்பீரியலும் போன பிறகு, ஹைஸி சேகரிப்பாளர்கள் சங்கமே அந்த அச்சுகளை வாங்கி, வேறு பட்டறைகளில் புதுப்புது நிறங்களில் வார்க்க வைத்தது. ஹைஸி காலத்து விலங்குகள் பெரும்பாலும் நிறமில்லாதவை. நிறத்தில் இருப்பவை அபூர்வம், விலையும் நமக்கு எட்டாது. ஆகவே "ஹைஸி" என்று சீட்டு ஒட்டிய கலர் குதிரைக்குட்டி மலிவாகக் கிடைத்தால், அது பிற்காலத்து வார்ப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அழகுக்குக் குறைச்சல் இல்லை, அந்த மலிவு விலைக்கு வாங்கலாம், ஆனால் ஹைஸி விலைக்கு வேண்டாம்.

கைப்பையில் ஒரு புற ஊதா டார்ச்சும் வைத்திருக்கிறேன். யுரேனியம் கலந்த கண்ணாடி அந்த ஒளியில் பச்சையாக எரியும். மேற்கு வர்ஜீனியாவின் ஃபென்டன் கம்பெனி செய்த 'பர்மீஸ்' வகையில் யுரேனியமும் உண்டு, தங்கமும் உண்டு. இளமஞ்சள் உடம்பில் மறுபடி சூடுகாட்டிய இடம் மட்டும் ரோஜா நிறமாக மாறியிருக்கும். இவ்வளவு வேலை செய்தவர்கள் 2011-ல் உலையை அணைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

விலைச்சீட்டின் பசை போகத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் போதும். பாத்திரம் கழுவும் மெஷினில் மட்டும் போடாதீர்கள். கண்ணாடி மங்கிப்போனால் அப்புறம் எதைத் தேய்த்தும் பளபளப்பு வராது.

போன வருஷம் நவராத்திரிக்கு அம்மா இங்கே இருந்தார். என் மிருகங்களை எல்லாம் கொலுவின் கடைசிப் படியில் காடாக்கிவிட்டார். ஆனால் ஜாக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "யானையை ஒத்தையாவா வைக்கிறது? இன்னொண்ணு வாங்கு, இதே கலர்ல" என்றார். சில வாரங்களே ஓடிய நிறம் என்று சொன்னால் அவருக்குப் புரியவா போகிறது? இந்த செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு சந்தையிலும் கிடைக்கவில்லை என்றால், வேறு நிறத்தில் ஒன்றை வாங்கி வைத்து, இது பெண் யானை என்று சமாளிக்க வேண்டியதுதான்.