எங்கள் ஊருக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் வந்த கதை

அடிதடி வழக்கில் வாய்தா என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் விடியற்காலை பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணி டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். உள்ளூரிலேயே குற்றவியல் நடுவர் நீதிமன்றம் கேட்டு வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானம் போட்டோம். மனுவை எழுதியவன் நான், அலைந்தவனும் நானே.

சால்வை போர்த்தி அரசியல் புள்ளியிடம் மனுக் கொடுத்ததில் முதல் ஆறு மாதம் வீண். சட்டப்படி, நீதிமன்றத்தை அமைப்பது மாநில அரசு. ஆனால் உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்ட பிறகுதான். ஆகவே மாவட்ட முதன்மை நீதிபதி வழியாகத் திரும்ப எழுதினோம். எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை வழக்கு நிலுவை, கட்டடம் உண்டா என்று கேள்விகள் வந்தன.

கட்டடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். மூடிக்கிடந்த கல்யாண மண்டபத்தைக் காட்டினோம். வழக்குச் சொத்துகளை, அதாவது ரத்தக்கறை படிந்த அரிவாள் முதல் திருட்டு மோட்டார் வரை, பூட்டிவைக்க அறை வேண்டுமே! பந்தி நடக்கும் கூடத்தை ஒதுக்கினோம். பார்க்க வந்த பொறியாளர் அதன் ஐந்து கதவுகளையும் எண்ணிவிட்டு, "திருடனுக்கு நல்ல வசதி" என்றார். மூன்று கதவுகளைச் சுவர் வைத்து அடைத்தோம்.

அரசாணை வந்ததும், "நம்ம பக்கத்து ஆளாகப் பார்த்து நீதிபதியாகப் போடச் சொல்லுங்கள்" என்று சிலர் வந்துவிட்டார்கள். நடுவராக வருபவர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல்நிலைத் தேர்வு, மொழிபெயர்ப்பும் சட்டமுமாக நான்கு தாள் முதன்மைத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டியவர். அவரை எங்கே அமர்த்துவது என்பது உயர் நீதிமன்றத்தின் வேலை. சங்கம் அதில் விரலை நுழைக்க இடமில்லை, இருக்கவும் கூடாது. திறப்பு விழாவில் குத்துவிளக்கு எரிந்தபோதும் நியமன உத்தரவு வரவில்லை. பக்கத்து ஊர் நடுவர் வாரம் இரண்டு நாள் பொறுப்பு பார்த்தார்.

முதல் வாய்தா அன்று டவாலி மூன்று முறை கூப்பிட்டும் என் கட்சிக்கார அம்மா வரவில்லை. போன் செய்தேன். ஆரப்பாளையத்தில் நின்றுகொண்டிருந்தார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் பதிவான வழக்கு அது. அன்று ஆஜராகாததை மன்னிக்கக் கேட்கும் மனுவில், பழக்கதோஷத்தில் பழைய சட்டத்தின் பிரிவு 317 என்று எழுதி, அடித்துவிட்டு, புதிய சட்டத்தின் 355 என்று திருத்தி நீட்டினேன்.