நாலு மாத வேலையை மறைக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை

நாலரை வருஷம் ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு, சம்பளம் கொஞ்சம் கூட வருகிறதே என்று சென்னை ஓஎம்ஆரில் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறினேன். இன்டர்வியூவில் ஆட்டோமேஷன் என்றார்கள், உள்ளே போனதும் நைட் ஷிஃப்ட் சப்போர்ட். மேனேஜரிடம் கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்". நாலாவது மாதம் பேப்பர் போட்டு, புரொபேஷனுக்கான 15 நாள் நோட்டீஸையும் முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

கூட இருந்தவர்கள் எல்லாரும், இதை எதுக்கு ரெஸ்யூமில் போடுகிறாய், கேப் என்று காட்டிவிடு என்றார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னான் ஒருத்தன். நல்லா நடமாடுகிற அம்மாவைப் படுக்க வைக்க மனசு வரவில்லை, ஆனால் வேலையை மட்டும் நீக்கிவிட்டு நௌக்ரி வேலைத் தளத்தில் ஏற்றிவிட்டேன்.

முதலில் பேசிய ஹெச்ஆரே யுஏஎன் சர்வீஸ் ஹிஸ்டரி, அதாவது எந்தெந்தக் கம்பெனியில் இருந்தோம் என்று நம் பிஎஃப் எண்ணில் பதிவாகியிருக்கும் பட்டியல், அதன் ஸ்கிரீன்ஷாட் கேட்டார். அன்று ராத்திரி இபிஎஃப்ஓ என்கிற பிஎஃப் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தால் நாலு மாதக் கம்பெனி இரண்டாவது வரியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அதைவிட மோசம், விலகிய தேதி காலி. பார்க்கிறவர்களுக்கு நான் இன்னும் அங்கேயே வேலை செய்வது போலத்தான் தெரியும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், அவர் அப்புறம் போனே எடுக்கவில்லை. அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

விலகிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால் அதே தளத்தில் நாமே 'மார்க் எக்ஸிட்' போய் ஆதார் ஓடிபி கொடுத்துப் போடலாம், ஆனால் கடைசியாக பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். சரி என்று காத்திருந்து போட்டேன். ரெஸ்யூமிலும் அந்த வேலையை ஒரே வரியில், மாதம் வருஷத்தோடு சேர்த்தேன், கீழே பாயின்ட் எதுவும் இல்லாமல்.

ஏன் விட்டாய் என்பதற்குப் பதில் தயார் செய்ததுதான் பெரிய பாடு. அக்காவிடம் சொல்லிக் காட்டினேன், ஐந்து நிமிஷம் புலம்பியிருக்கிறேன், "உன்னை நானே எடுக்க மாட்டேன்டா" என்றாள். வெட்டி வெட்டி இரண்டு வாக்கியமாக்கினேன்: "ஆட்டோமேஷனுக்கு எடுத்தார்கள், சப்போர்ட்டில் போட்டார்கள். இரண்டு முறை கேட்டும் மாறவில்லை, நோட்டீஸ் முடித்துவிட்டு வந்தேன்." அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம்.

மூன்றாவது இன்டர்வியூவில் ஒருவர், இங்கேயும் நாலு மாதத்தில் போய்விட மாட்டீர்களா என்று நேராகவே கேட்டார். அதனால்தான் இந்த முறை வேலை என்ன என்பதை முதலிலேயே மெயிலில் கேட்டு வாங்கினேன் என்றேன். சிரித்தார். ஆஃபர் வந்தது.

ரிலீவிங் லெட்டர் அதுவரை வந்து சேரவில்லை. ராஜினாமாவை ஏற்ற மெயிலும் சம்பள சிலிப்புகளும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனுக்குப் போதும் என்றார்கள். பழைய மேனேஜருக்கும் மெயில் போயிருக்கிறது. இவரைத் திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா என்ற கட்டத்தில் 'ஆமாம்' என்று போட்டிருந்தாராம் அந்த மனுஷன்.