இரண்டு சைகைகளுக்குக் காத்திருக்கும் டி செல்

தோலில் முள் குத்தி, அதனுடன் பாக்டீரியாக்களும் உள்ளே நுழைந்துவிட்டால், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற காவல் செல்கள் அவற்றை விழுங்கத் தொடங்குகின்றன. அவை வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சைகைப் புரதங்களால் அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து கசிய, சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன. நாம் அருவருப்போடு துடைத்தெறியும் சீழில் பெரும்பகுதி, அப்படி வந்து கிருமிகளைக் கொன்று மடிந்த நியூட்ரோஃபில்களே.

என்னைப் பெரிதும் வியக்கவைப்பது அடுத்த கட்டம்தான். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973-இல் இனங்கண்டு விவரித்த டென்ட்ரிட்டிக் செல், கிருமியின் புரதத்தைத் துணுக்குகளாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்தியபடி, நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் செல்கிறது. அங்கே ஏராளமான டி செல்கள் (இவையும் ஒருவகை வெள்ளணுக்களே) அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போகின்றன. அத்துணுக்குக்குப் பொருந்தும் ஏற்பியைக் கொண்டது மட்டுமே நிற்கிறது. அதுவும் உடனே செயலில் இறங்கிவிடுவதில்லை. ஆபத்தை உணர்ந்த டென்ட்ரிட்டிக் செல்லில் மிகுதியாகத் தோன்றும் பி7 என்ற புரதத்தையும் அது உணர வேண்டும். துணுக்கு மட்டும் இருந்து இந்த இரண்டாம் சைகை இல்லையென்றால், டி செல் செயலற்றுப் போகக்கூடும். நம் உடலின் சொந்தப் புரதங்களையே அது தாக்காதிருக்க, இந்த நிதானமும் ஒரு காவல்.

இரண்டு சைகைகளும் கிடைத்துப் பெருகும் உதவி டி செல்களில் (பிற நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் டி செல் வகை) ஒரு பகுதி, அதே கிருமியைத் தனியே பற்றி அதன் துணுக்கைக் காட்டும் பி செல்லைத் தேடிச் சென்று தூண்டுகிறது. அந்த பி செல்லின் வழித்தோன்றல்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகள் என்ற புரதங்களைச் சுரக்க, அவை ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவை மேக்ரோஃபேஜ் முன்பைவிட எளிதாக விழுங்குகிறது. மேக்ரோஃபேஜ் விழுங்கியும் கொல்ல முடியாத காசநோய்க் கிருமியின் விஷயத்தில், உதவி டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன்தான் மேக்ரோஃபேஜுக்குக் கூடுதல் வலிமை தருகிறது.

ஆகவே, நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒற்றைச் சரக்காகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக எய்ட்ஸ் பதிவானபோது, நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்களை, ஆரோக்கியமானவர்களை அநேகமாகத் தீண்டாத நியூமோசிஸ்டிஸ் நிமோனியா தாக்கியிருந்தது. அவர்களுடைய உடலில் மேக்ரோஃபேஜ்களும் பி செல்களும் இருந்தன. அவற்றை ஒருங்கிணைக்கும் உதவி டி செல்களை எச்ஐவி அழித்துவிட்டிருந்தது.