பிரமோஸ்: பங்காளியாக இருப்பதன் அருமை

1998 பிப்ரவரியில் மாஸ்கோவில் இந்திய-ரஷ்ய அரசுகள் செய்துகொண்ட பிரமோஸ் ஏவுகணை ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர் அப்துல் கலாம். அதை உருவாக்கும் கூட்டு நிறுவனத்தில் பங்கு 50.5 சதவீதம் நமக்கு, 49.5 அவர்களுக்கு. அந்த அரை சதவீதத்தில் எவ்வளவு தொலைநோக்கு!

ஆயுதத்தைக் காசு கொடுத்து வாங்கினால், உதிரி பாகத்துக்குக்கூட விற்றவனின் தயவு வேண்டும். இங்கே ராம்ஜெட் எஞ்சின் (பாயும் வேகத்திலேயே காற்றை உள்வாங்கி அழுத்தி எரிபொருளை எரிக்கும் எஞ்சின்) அவர்களிடமிருந்து வந்தது. வழிகாட்டும் அமைப்பில் நம் விஞ்ஞானிகளின் உழைப்பு. 2018 மார்ச்சில் இலக்கைத் தேடும் கருவியையும் உள்நாட்டிலேயே செய்து சோதித்துவிட்டார்கள். நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

தொடக்கத்தில் 290 கிலோமீட்டர்தான் பாயும். காரணம் தொழில்நுட்பம் இல்லை. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் ரஷ்யா உறுப்பினர், நாம் இல்லை. அதற்கு மேல் பாயும் ஏவுகணையை உறுப்பினர் அல்லாத நாட்டுக்குத் தரக் கூடாது என்று அந்த அமைப்பு வைத்த வரம்பு 300 கிலோமீட்டர். 2016 ஜூனில் நாமும் சேர்ந்த பிறகே தூரம் கூடியது.

2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சுமார் 37.5 கோடி டாலருக்கு இதை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. அடுத்து எஞ்சினிலும் நம் கை ஓங்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சிக்குத் தாராளமாகச் செலவிடுங்கள் என்றே அரசைக் கேட்பேன்.